ஊரகக் கவுன்ட்டியின் இடைநிலை வருமானம்: ஆண்டுவாரியாக மதிப்பிடும் முறை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கு மலைப்பகுதியில் இருக்கிறது அவ்ஸ்லி கவுன்ட்டி. 2000 கணக்கெடுப்பில் 4,858 பேர், 2010-இல் 4,755, 2020-இல் 4,051. கவுன்ட்டி என்றதும் நம் மாவட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். தலைக்கணக்கில் இது ஒரு ஊராட்சிதான். அங்கே ஒரு சராசரிக் குடித்தனத்தின் வருமானம் முப்பது ஆண்டுகளில் கூடியதா, குறைந்ததா என்று தேடினால் இரண்டே நிமிடத்தில் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். கோடு மேலே ஏறிக்கொண்டே போகும். அதை அப்படியே அறிக்கையில் ஒட்டுபவர்கள்தான் அதிகம். அந்தக் கோட்டில் விலைவாசி உயர்வு, கணக்கிடும் முறை மாறிய ஆண்டு, கூறெடுப்புப் பிழை (எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிழை) மூன்றும் கலந்து கிடக்கின்றன. இவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையை அடியிலிருந்து சொல்வதே இந்தக் கட்டுரை.

முதலில்: எதை அளக்கிறோம்?

இடைநிலை என்பது எல்லாக் குடித்தனங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் சரிநடுவில் நிற்பவரின் வருமானம். பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே. ஒரே ஒரு பெரிய பண்ணை முதலாளி குடிவந்தால் கூட்டுச் சராசரி எகிறும், இடைநிலை அசையாது. ஆள் குறைந்த கவுன்ட்டிகளுக்கு இதை விரும்புவது அதனால்தான்.

அடுத்து, குடித்தனம் வேறு, குடும்பம் வேறு. அமெரிக்க சென்சஸ் பணியகத்தின் கணக்கில் ஒரு வீட்டில் வசிக்கும் எல்லோரும் சேர்ந்தால் ஒரு குடித்தனம். உறவு இருக்க வேண்டியதில்லை, தனி ஆளாக வாழும் பாட்டியும் ஒரு குடித்தனம்தான். குடும்பம் என்றால் உறவுள்ள இருவராவது சேர்ந்திருக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு வருமானப்படி அவ்ஸ்லியில் குடித்தன இடைநிலை 15,805 டாலர், குடும்ப இடைநிலை 18,034 டாலர். ஒரே ஊர், ஒரே ஆண்டு, 2,229 டாலர் வித்தியாசம். பழைய அட்டவணையில் குடும்ப எண்ணையும் புதியதில் குடித்தன எண்ணையும் எடுத்தால், இல்லாத ஒரு சரிவை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

சிறை, மாணவர் விடுதி, முதியோர் பராமரிப்பு இல்லம் போன்றவற்றில் இருப்போர் குடித்தனக் கணக்கில் வரமாட்டார்கள். ஊரகக் கவுன்ட்டியில் பெரிய சிறை ஒன்று இருந்தால் தலா வருமானம் குறைந்து தெரியும், குடித்தன இடைநிலை பாதிக்கப்படாது.

வருமானம் என்பது வரி பிடிப்பதற்கு முன் கையில் வரும் பணம்: கூலி, சம்பளம், சொந்தத் தொழிலிலும் விவசாயத்திலும் செலவு போக மிஞ்சியது, ஓய்வூதியம், சோஷியல் செக்யூரிட்டி, வட்டி, வாடகை. ஸ்னாப் என்ற உணவு உதவியும் மெடிக்கெய்ட் மருத்துவ உதவியும் இதில் இல்லை. ஏழைக் கவுன்ட்டியில் இவ்விரண்டும் பெரிய தொகை. ஆகவே "வருமானம் இவ்வளவு" என்பதை "வாழ்க்கை வசதி இவ்வளவு" என்று எழுதிவிடாதீர்கள்.

தரவு எங்கே கிடைக்கும்

பயன்படுவது மூன்று ஊற்றுகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகப் பிறந்தது, ஒன்றின் புள்ளியை இன்னொன்றின் புள்ளியோடு கோடு போட்டு இணைக்கக் கூடாது.

பத்தாண்டுக் கணக்கெடுப்பின் நீண்ட படிவம் முதல் ஊற்று. ஏறக்குறைய ஆறு குடித்தனத்துக்கு ஒன்று வீதம் கேட்டார்கள், அதனால் சிறிய ஊருக்கும் ஓரளவு உறுதியான எண் கிடைத்தது. 2000-தான் கடைசி, 2010-இல் அந்தப் படிவமே இல்லை. கவனிக்க வேண்டியது ஆண்டு: 2000 கணக்கெடுப்பு கேட்டது 1999-இன் வருமானம், 1990 கேட்டது 1989, 1980 கேட்டது 1979. இன்னும் பின்னால் போனால் 1960 வரையிலான வெளியீடுகளில் குடும்ப இடைநிலைதான் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். பழைய கவுன்ட்டி அட்டவணைகளை மின்னணு வடிவில் எடுக்க, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் என்எச்ஜிஐஎஸ் தொகுப்பு நல்ல இடம்.

இரண்டாவது, அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, அதாவது ஏசிஎஸ். ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளைத் தொடுகிறது. கேட்கப் பெரிதாக இருந்தாலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்ட்டிகளுக்குப் பகிர்ந்தால் அவ்ஸ்லிக்கு வருவது ஒரு கைப்பிடி. அதனால் 65,000 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு வழக்கமான ஓராண்டு மதிப்பீடு கிடையாது. அவ்ஸ்லி போன்ற சிறு இடத்துக்கு ஐந்தாண்டுகளைச் சேர்த்த மதிப்பீடு மட்டுமே உண்டு, அதில் முதலாவது 2005–2009. இடைநிலை வருமானம் பி19013 என்ற அட்டவணையில் இருக்கிறது, பக்கத்திலேயே பிழை எல்லையும் (உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவு) இருக்கும். 20,000 பேருக்கு மேற்பட்ட இடங்களுக்கு மூன்றாண்டு மதிப்பீடு என்று ஒன்று இருந்தது, 2011–2013-உடன் நின்றுவிட்டது.

மூன்றாவது, இந்த வேலைக்கு முதுகெலும்பு: சென்சஸ் பணியகத்தின் சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீடு, சுருக்கமாக எஸ்ஏஐபிஈ. கவுன்ட்டி அளவில் 1989, 1993, 1995, பிறகு 1997 முதல் ஆண்டுதோறும் இருக்கிறது. 65,000 என்ற வரம்பு இதில் இல்லை, சின்னஞ்சிறு கவுன்ட்டிக்கும் ஆண்டுக்கு ஓர் எண் தருகிறது. செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஃபிரெட் தளத்தில் கவுன்ட்டி பெயர் போட்டுத் தேடினால் வரும் கோடு இதுதான்.

கேட்டவர்களோ சிலர், பிறகு ஆண்டுக்கு ஓர் எண் எப்படி வருகிறது? சர்வேயில் கிடைத்த எண்ணை மட்டும் நம்பாமல், வரித் தாக்கல்களில் உள்ள வருமானம், ஸ்னாப் பெறுவோர் எண்ணிக்கை, முந்தைய கணக்கெடுப்பின் வருமானம் போன்ற பதிவேட்டுத் தகவல்களைக் கொண்டு ஒரு தொடர்புப்போக்கு மாதிரி (ரிக்ரெஷன்) கட்டுகிறார்கள். "இப்படிப்பட்ட கவுன்ட்டிக்கு இவ்வளவு இருக்கும்" என்று அது கணிக்கும். பிறகு கணிப்பையும் சர்வே எண்ணையும் எடைபோட்டுக் கலக்கிறார்கள். சர்வே உறுதியாக உள்ள பெரிய கவுன்ட்டியில் சர்வேக்கு எடை அதிகம், சிறிய கவுன்ட்டியில் மாதிரிக்கு எடை அதிகம். ஆக, அவ்ஸ்லி போன்ற இடத்தில் நீங்கள் பார்க்கும் எண் பெரும்பாலும் கணிப்பு.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது, பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஸ்னாப் பெறுவோர் கூடியதால்தான் இடைநிலை வருமானம் குறைந்தது என்று எஸ்ஏஐபிஈ எண்களைக் கொண்டு நிறுவ முயலாதீர்கள். ஸ்னாப் எண் ஏற்கெனவே அந்த மதிப்பீட்டுக்குள் போயிருக்கிறது. உள்ளே போட்டதை வெளியே எடுத்துப் பார்த்து வியப்பதில் பொருளில்லை.

தாளைத் தயார் செய்தல்

எக்செல் தாளில் ஒரு மதிப்பீட்டுக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள்: ஊற்று, கவுன்ட்டியின் ஃபிப்ஸ் எண் (அரசு தரும் அடையாள எண்), வருமான ஆண்டு அல்லது காலம், எண் எந்த ஆண்டு டாலரில் உள்ளது, மதிப்பீடு, 90 சதவீதப் பிழை எல்லை, திட்டப் பிழை (பிழை எல்லையிலிருந்து கணக்கிடுவது), பணவீக்கக் காரணி, மாறாவிலை மதிப்பீடு (விலைவாசி உயர்வைக் கழித்தது). "எந்த ஆண்டு டாலர்" என்பதைத் தனியாக எழுதாமல் தொடங்கவே வேண்டாம்.

ஃபிப்ஸ் எண் ஐந்து இலக்கம்: முதல் இரண்டு மாநிலம், பின் மூன்று கவுன்ட்டி. அவ்ஸ்லிக்கு 21189. இந்த நெடுவரிசையைத் தரவு இறக்கும்போதே எழுத்து வடிவமாக மாற்றிவிடுங்கள். எண் வடிவில் விட்டால் முன்னால் உள்ள பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும். அலபாமாவின் அட்டாகா கவுன்ட்டி 01001 என்பது 1001 ஆகி, இரண்டு தாள்களைப் பொருத்தும்போது அலபாமா, அலாஸ்கா, அரிசோனா, ஆர்கன்சா, கலிபோர்னியா, கொலராடோ, கனெக்டிகட் ஏழும் காணாமல் போகும்.

எண்ணே மாறிய இடங்களும் உண்டு. தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுன்ட்டி 2015-இல் ஒக்லாலா லக்கோட்டா என்று பெயர் மாறியது. 46113 என்ற எண் 46102 ஆனது. நாட்டின் மிக ஏழ்மையான கவுன்ட்டிகளில் ஒன்று அது, பழைய எண்ணை வைத்துத் தேடினால் தொடர் பாதியில் அறுந்து நிற்கும். வர்ஜினியாவில் பெட்ஃபோர்ட் நகரம் 2013-இல் பெட்ஃபோர்ட் கவுன்ட்டியோடு சேர்ந்தது. அங்கே பெயர் அப்படியே இருக்க, எல்லை மாறியது, இது கண்ணுக்கு எளிதில் படாது. கனெக்டிகட்டில் 2022 முதல் எட்டு கவுன்ட்டிகளுக்குப் பதில் ஒன்பது திட்டமிடல் மண்டலங்கள். பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஏசிஎஸ் தரவை நிரல் வழியாக இறக்குபவர்கள் எதிர்மறை எண்களைத் தேடிப் பாருங்கள். -666666666 என்று வந்தால் கூறு போதாமல் மதிப்பீடு செய்யவில்லை என்று பொருள். அதை வருமானமாக எண்ணி மாநிலச் சராசரி போட்டால் விடை எங்கோ போய்விடும்.

விலைவாசியைக் கழித்தல்

எஸ்ஏஐபிஈ அந்தந்த ஆண்டு டாலரில் இருக்கிறது. ஏசிஎஸ் ஐந்தாண்டு எண் கடைசி ஆண்டின் டாலரில் இருக்கிறது, அதாவது 2019–2023 மதிப்பீடு முழுவதும் 2023 டாலர். எல்லாவற்றையும் ஒரே ஆண்டு டாலருக்குக் கொண்டுவர வேண்டும். தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் சிபிஐ-யூ என்ற நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டுச் சராசரி போதும்: 1989-க்கு 124.0, 1999-க்கு 166.6, 2005-க்கு 195.3, 2010-க்கு 218.056, 2018-க்கு 251.107, 2023-க்கு 304.702.

அவ்ஸ்லியின் 15,805 டாலரை 2023 விலைக்கு மாற்ற 304.702-ஐ 166.6-ஆல் வகுத்துப் பெருக்குங்கள். காரணி 1.829, விடை சுமார் 28,906 டாலர். கணக்கெடுப்பு 2000 என்று பெயர் தாங்கியிருப்பதால் 172.2 என்ற 2000-ஆம் ஆண்டுக் குறியீட்டைப் போட்டால் விடை 27,966 ஆகும். தொள்ளாயிரம் டாலருக்கு மேல் பிழை, அதுவும் ஓர் ஆண்டைத் தவறாக எடுத்ததால் மட்டும்.

பெயரிலேயே சொல்வதுபோல் சிபிஐ-யூ நகர நுகர்வோருக்கானது. பெருநகரப் பகுதிகளுக்கு வெளியே கிராமப்புறத்தில் வாழ்வோரின் செலவு அதில் சேராது. கவுன்ட்டிக்கென்று விலைக் குறியீடு எதுவும் வெளியிடப்படுவதில்லை, எனவே எல்லோரும் இதையே பயன்படுத்துகிறோம். செய்யலாம், ஆனால் எந்தக் குறியீடு என்பதை அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

முறிவு எங்கே

எஸ்ஏஐபிஈ கோட்டில் 2004-க்கும் 2005-க்கும் நடுவே ஒரு தையல் இருக்கிறது. 2004 வரை அடிப்படைச் சர்வே கரென்ட் பாப்புலேஷன் சர்வே, கவுன்ட்டிக்கு மூன்றாண்டு சேர்த்து. 2005 முதல் ஏசிஎஸ். கேள்வி கேட்கும் விதம், கூறின் அளவு எல்லாம் வேறு. ஃபிரெட் வரைபடம் இதைக் காட்டாமல் ஒரே கோடாக இழுத்திருக்கும். நீங்கள் வரையும்போது இரண்டு தனிக் கோடாக வரைந்து நடுவில் இடம் விடுங்கள். 1989-க்கும் 1993-க்கும் நடுவே தெரியும் நேர்கோடும் மென்பொருள் போட்டது, அந்த இடைப்பட்ட ஆண்டுகளுக்கு எண்ணே கிடையாது.

2005-இல் தெரியும் ஏற்றமோ இறக்கமோ ஊரில் நடந்ததா, முறை மாறியதால் வந்ததா என்று ஐயம் வந்தால் சுற்றியுள்ள ஐந்தாறு கவுன்ட்டிகளையும் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் குதித்தால் முறைமாற்றத்தின் வேலை. இன்னொரு வழி, கவுன்ட்டி இடைநிலையை அதே ஊற்றின் மாநில இடைநிலையால் வகுத்து விகிதமாக வரைவது. விகிதத்தில் பணவீக்கம் அடிபட்டுப் போகும், முறிவும் ஓரளவு அடங்கும். "மாநிலத்தோடு ஒப்பிட்டால் இந்த ஊர் நெருங்கியதா, விலகியதா?" என்ற கேள்விக்கு நேர்விடையும் அதில் கிடைக்கும். நீண்ட காலத்தை ஒரே படத்தில் காட்டியே தீர வேண்டும் என்றால் இந்த விகிதம்தான் மிக நேர்மையான படம்.

பிழை எல்லையைக் கணக்கில் எடுப்பது

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. ஊரகக் கவுன்ட்டி வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. கற்பனை எண்களை வைத்து ஒருமுறை முழுதாகச் செய்வோம்.

ஏசிஎஸ் 2014–2018 மதிப்பீடு 28,000 டாலர், பிழை எல்லை 4,300. ஏசிஎஸ் 2019–2023 மதிப்பீடு 39,500, பிழை எல்லை 6,100. பார்த்தவுடன் 41 சதவீத வளர்ச்சி என்று தோன்றும்.

முதல் எண் 2018 டாலர், 2023-க்கு மாற்றக் காரணி 1.2134. மதிப்பீடு 33,976 ஆகிறது. பிழை எல்லையையும் அதே காரணியால் பெருக்க வேண்டும் (இதைத்தான் பலர் மறப்பார்கள்), அது 5,218. வித்தியாசம் இப்போது 5,524 டாலர், 16 சதவீதம்.

வெளியிடப்படும் பிழை எல்லை 90 சதவீத அளவிலானது, ஆகவே 1.645-ஆல் வகுத்தால் திட்டப் பிழை: 3,172, 3,708. இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 4,880. வித்தியாசமான 5,524-ஐ 4,880-ஆல் வகுக்க 1.13. இது 1.645-ஐத் தாண்டினால்தான் 90 சதவீத உறுதியோடு "மாறியது" என்று சொல்லலாம். தாண்டவில்லை. 41 சதவீதம் என்று தொடங்கியது, உயர்ந்ததா என்றே உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் வந்து நிற்கிறது. அப்படியே எழுதுங்கள். வருமானம் மாறவில்லை என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு கூற்று. இந்தத் தரவால் காட்ட முடியவில்லை என்பதே சரி.

இந்தச் சோதனை செல்லுபடியாக இரண்டு காலங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. 2018–2022-ஐயும் 2019–2023-ஐயும் ஒப்பிட்டால் ஐந்தில் நான்கு ஆண்டு பொது, நீங்கள் பார்ப்பது 2018 போய் 2023 வந்ததன் நிழல் மட்டுமே. 2009–2013, 2014–2018, 2019–2023 என்று படியாத காலங்களை எடுங்கள்.

எஸ்ஏஐபிஈ பிழை எல்லைக்குப் பதில் 90 சதவீத நம்பிக்கை இடைவெளியின் மேல், கீழ் எண்களைத் தருகிறது. மேல் எண்ணில் கீழ் எண்ணைக் கழித்து 3.29-ஆல் வகுத்தால் தோராயத் திட்டப் பிழை. அதை மதிப்பீட்டால் வகுத்து நூறால் பெருக்கிப் பாருங்கள்: 10–12 சதவீதத்துக்குள் இருந்தால் தைரியமாகப் பயன்படுத்தலாம், 30-ஐத் தாண்டினால் அந்த எண்ணை வரைபடத்தில் போடவே வேண்டாம். 2020-இல் 64 பேர் மட்டுமே இருந்த டெக்சஸின் லவிங் கவுன்ட்டி போன்ற இடத்துக்குத் தனி எண் தேடுவதைவிடப் பக்கத்துக் கவுன்ட்டிகளோடு சேர்த்துப் பார்ப்பதே மேல்.

கவுன்ட்டிகளைச் சேர்க்கும்போது

இரண்டு இடைநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுப்பது தவறு, மக்கள்தொகையால் எடைபோட்டாலும் தவறுதான். ஏசிஎஸ் பி19001 அட்டவணை குடித்தனங்களைப் பதினாறு வருமானப் பிரிவுகளாகக் கொடுக்கிறது. பிரிவுவாரியாக இரு கவுன்ட்டிகளின் குடித்தனங்களையும் கூட்டுங்கள். மொத்தம் 2,000 என்று கொள்வோம், நடுவில் நிற்பது 1,000-ஆவது குடித்தனம். 35,000 டாலருக்குக் கீழ் 880 குடித்தனம், 35,000–39,999 பிரிவில் 150. நடுக் குடித்தனம் இந்தப் பிரிவுக்குள் 120-ஆவது. 120-ஐ 150-ஆல் வகுத்து 5,000-ஆல் பெருக்க 4,000, இடைநிலை 39,000 டாலர். பிரிவு 75,000–99,999 போல அகலமாக இருந்தால் இந்த நேர்கோட்டு ஊகம் கொஞ்சம் தளரும். ஊரகக் கவுன்ட்டிகளில் நடுப்புள்ளி பெரும்பாலும் குறுகிய பிரிவுகளிலேயே விழுவதால் சிக்கல் குறைவு.

போக்கைக் கணக்கிடுதல், பின் சந்தேகப்படுதல்

தனித்தனி ஆண்டுகளை ஒப்பிடாமல் மூன்றாண்டுச் சராசரி எடுங்கள். மாறாவிலையில் 2005–2007 சராசரி 31,000, 2021–2023 சராசரி 36,000 என்றால், நடு ஆண்டுகள் 2006, 2022, இடைவெளி 16 ஆண்டு. 36,000-ஐ 31,000-ஆல் வகுத்து, பதினாறாம் மூலம் எடுத்து, ஒன்றைக் கழித்தால் ஆண்டுக்கு 0.94 சதவீதம். தொடக்கத்தை 2009-க்கு நகர்த்தினால் எண் மாறும், ஏனென்றால் டிசம்பர் 2007 முதல் ஜூன் 2009 வரை பொருளாதார மந்தம். இரண்டு தொடக்கங்களிலும் கணக்கிட்டு இரண்டையும் காட்டுங்கள்.

அடுத்து, வெளியிலிருந்து ஒரு சோதனை. பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகமான பிஇஏ 1969 முதல் கவுன்ட்டி வாரியாகத் தலா வருமானம் தருகிறது. அது கூட்டுச் சராசரி, மெடிக்கெய்ட் போன்ற உதவிகளும் சேர்ந்தது, அளவில் ஒப்பிட முடியாது. திசையை மட்டும் பாருங்கள். விவசாயக் கவுன்ட்டியில் விளைச்சலும் விலையும் கூடிய ஆண்டில் பிஇஏ எண் எகிறும், இடைநிலை அசையாது. அது பிழையல்ல, பண்ணை வருமானம் சில குடித்தனங்களுக்கே போகிறது என்பதன் தடயம்.

வடக்கு டகோட்டாவின் மெக்கன்சி கவுன்ட்டியைப் போல ஊரே மாறிப்போன இடங்கள் தனிக் கவனம் கேட்பவை. பாக்கன் எண்ணெய் வயல் வந்தபின் 2010-இல் 6,360 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 14,704. இங்கே ஐந்தாண்டு ஏசிஎஸ் எப்போதும் பின்தங்கியே வரும், ஏற்றத்தைத் தாமதமாகவும் மழுங்கலாகவும் காட்டும். வேலையிடத்தை வைத்துக் கணக்கிடும் சம்பளப் புள்ளிவிவரமோ, வேறு ஊரில் வீடு வைத்துக்கொண்டு முகாமில் தங்கி உழைப்பவரின் கூலியையும் இந்தக் கவுன்ட்டியின் பெயரில் எழுதும். இடைநிலை கூடியதென்றால் பழைய குடிகள் வளம்பெற்றார்கள் என்றும் ஆகாது. வந்து குடியேறியவர்கள் வரிசையை மாற்றியிருக்கலாம். அவ்ஸ்லியில் நேர்மாறு: இருபது ஆண்டுகளில் எண்ணூறு பேர் குறைந்திருக்கிறார்கள். போனவர் யார், இருப்பவர் யார் என்று வயது அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் காரணம் எழுத வேண்டாம்.

வரைபடத்தில் ஏசிஎஸ் புள்ளிகளையும் போடுவதானால் காலத்தின் நடு ஆண்டில் வையுங்கள், 2019–2023 என்பது 2021-க்கு மேல். விலை மட்டும் 2023-ஆகவே இருக்கட்டும். எஸ்ஏஐபிஈ கோட்டைச் சுற்றி நம்பிக்கை இடைவெளியை வெளிர்ப் பட்டையாக இடுங்கள். படத்தின் கீழே இத்தனையும் இருக்க வேண்டும்: "குடித்தன இடைநிலை வருமானம், 2023 டாலர், சிபிஐ-யூ, எஸ்ஏஐபிஈ, 90 சதவீத இடைவெளியுடன், 2004-க்கும் 2005-க்கும் இடையே முறை மாற்றம், புள்ளிகள் ஏசிஎஸ் ஐந்தாண்டு மதிப்பீடு." அடுத்த ஆண்டின் எண் வரும்போது அதை மட்டும் கடைசியில் ஒட்டாதீர்கள். அடிப்படை ஆண்டை மாற்றி, முழுத் தாளையும் மறுபடி கணக்கிட்டு, தலைப்பில் உள்ள "2023 டாலர்" என்பதையும் திருத்துங்கள்.